அப்பாவின் மரக்கால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தாத்தா ஐம்பது வருடமாகச் செங்கொடிக் கட்சிக்காரர். எங்கள் கல்லூரியில் ஒரு ஆசிரியர், "மார்க்சியமும் ஒரு மதம்தான். வேதப் புத்தகம் உண்டு, தீர்க்கதரிசி உண்டு, தியாகிகள் உண்டு, கடைசியில் ஒரு சொர்க்கமும் உண்டு" என்றார். எனக்குச் சரி என்றே பட்டது. வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை. ஒரு அரசியல் சித்தாந்தத்தை மதம் என்று சொல்வது தப்பா?
— கல்லூரி மாணவி, திருத்துறைப்பூண்டி

பதில்: என் பேத்தி வயது உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். முதலில் தாத்தாவுக்கு ஒரு டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடு. அவர் பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திரு.

முப்பத்தொரு வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். எதையும் சொல்லில் இருந்துதான் தொடங்க வரும். 'எழுவகை மதமே உடன்படல் மறுத்தல்' என்று நன்னூலில் ஒரு நூற்பா இருக்கிறது. நூல் எழுதுகிறவன் பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தன் கருத்தை நாட்டி நிறுத்துவது என்று ஏழு வகை. அங்கே மதம் என்றால் ஒருவர் கொண்ட கொள்கை, அவ்வளவுதான். கடவுளுக்கும் அந்தச் சொல்லுக்கும் அங்கே ஒரு சம்பந்தமும் இல்லை.

நம் காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்த கதைதானே மணிமேகலை. அவள் வஞ்சி நகரத்துக்குப் போய்ச் சமயக் கணக்கர்கள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி என்று வரிசை போகிறது. கடைசியில் நிற்பவன் பூதவாதி. மறுபிறவி இல்லை, வினைப்பயன் இல்லை, எல்லாம் நிலம், நீர் போன்ற பூதங்களின் சேர்க்கை, கண்ணால் காண்பதே மெய் என்பவன். அவனையும் சாத்தனார் சமயக் கணக்கர் வரிசையில்தான் வைத்தார். மணிமேகலை அவனைச் சும்மா விடவில்லை. 'உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை ஊகித்து அறிந்தாயா, கண்ணால் கண்டு அறிந்தாயா' என்று கேட்டு மடக்குகிறாள். ஆனால் அவனுடைய வாதத்தோடுதான் மோதினாள். நீ இன்ன வகை ஆள் என்று பெயர் சூட்டிவிட்டு நகரவில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிறர் மதங்களை மறுக்கிற பகுதியில், முதலில் எடுத்துக்கொள்வதும் காண்பதே மெய் என்கிற உலகாயதன் மதத்தைத்தான். சித்தாந்தம் என்ற சொல்லையே பார். தருமபுரம், திருவாவடுதுறை மடங்களில் சைவத்துக்கு அந்தச் சொல்தான், உன் தாத்தா போன கட்சி வகுப்பிலும் அதே சொல்தான்.

ஆக, பழைய தமிழில் உங்கள் ஆசிரியர் அப்படிச் சொல்லியிருந்தால் அது வசையும் ஆகாது, புதுக் கண்டுபிடிப்பும் ஆகாது. இன்றைக்கு மதம் என்றால் விண்ணப்பப் படிவத்தில் நிரப்புகிற ஒரு கட்டம். தாத்தாவுக்குக் கோபம் வந்தது அந்த அர்த்தத்தில்தான். 'நீங்கள் யோசித்து ஏற்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்பினீர்கள்' என்று பேத்தியே சொல்வதாக அவர் காதில் விழுந்திருக்கிறது.

இந்த ஒப்பீடு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள். 1920இல் ரஷ்யாவுக்குப் போய்வந்த தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், லெனின் கட்சியின் போல்ஷ்விசத்தை ஒரு மதமாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதினார். 1938இல் வியன்னாவில் எரிக் ஃபோகலின் என்பவர் 'அரசியல் மதங்கள்' என்ற பெயரிலேயே ஒரு சிறு நூல் எழுதினார். அதே வருடம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது, அவர் ஊரைவிட்டுத் தப்பி ஓடினார். பிரெஞ்சுக்காரரான ரேமோன் அரோன் 1944இல் 'மதச்சார்பற்ற மதங்கள்' என்று ஒரு பெயர் வைத்தார். இவர்கள் வேலையில்லாமல் பட்டம் சூட்டியவர்கள் இல்லை. படித்த மனிதர்கள், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், ஒரு தலைவனுக்காகக் கொல்லவும் சாகவும் கிளம்பியதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள். கூலி, நிலம், ஓட்டு என்ற கணக்கில் அது அடங்கவில்லை. அதற்கு ஒரு சொல் தேடினார்கள்.

அந்த ஒப்பீட்டுக்கு இடம் கொடுக்கிற காரியமும் ரஷ்யாவில் நடந்தது. லெனின் 1924 ஜனவரியில் இறந்தபோது அவர் மனைவி குரூப்ஸ்காயா, 'அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பாதீர்கள், குழந்தைகள் காப்பகமும் பள்ளிக்கூடமும் கட்டுங்கள்' என்று பத்திரிகையிலேயே எழுதிக் கேட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. உடம்பைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், இன்றைக்கும் இருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவை நினைத்துத்தான் வருத்தம்.

இந்த ஒப்பீட்டுக்கு மறுபக்கம் பேசியவரும் ஒரு பெண்தான். ஹன்னா அரெண்ட் என்ற அரசியல் சிந்தனையாளர், ஹிட்லரிடமிருந்து தப்பிப் போனவர். அவர் ஒரு உதாரணம் சொன்னார். செருப்புக் குதிகாலால் நாமெல்லாம் சுவரில் ஆணி அடித்திருக்கிறோம். அதற்காகக் குதிகாலைச் சுத்தியல் என்று சொல்லிவிடலாமா? மதம் செய்கிற ஏதோ ஒரு வேலையை ஒரு கட்சியும் செய்கிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது என்பது அவர் வாதம். எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது.

உங்கள் ஆசிரியரின் பட்டியலிலேயே எனக்கு ஒரு குறை தெரிகிறது. புத்தகம், தீர்க்கதரிசி, தியாகி, சொர்க்கம். எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் அய்யனார் இருக்கிறார். அவருக்குப் புத்தகம் கிடையாது, தீர்க்கதரிசி கிடையாது, செத்தபிறகு எங்கே கூட்டிப்போவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததும் கிடையாது. குதிரையும் காவலும்தான் அவர். அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் மார்க்சியம் மதமாகிவிடும், எங்கள் அய்யனார் மதத்தில் சேர மாட்டார். ஒருவகை மதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு செய்த அளவுகோல் அது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். களப்பால் பக்கம் ஒன்பது மா நிலம் குத்தகைக்கு உழுதவர் என் அப்பா. பதினெட்டு வயதில் விவசாயிகள் சங்கத்துக்கு வந்தார். பண்ணையாட்களைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்ததையும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றியதையும் நேரில் பார்த்தவர். கன்னடம் தாய்மொழியான பி. சீனிவாசராவ் 1943இல் இந்தப் பக்கம் வந்து, வரப்பு வரப்பாக நடந்து சங்கம் கட்டினார். உன் ஊரிலேயே அவருக்கு நினைவிடம் இருக்கிறது, போய்ப் பார். அடுத்த வருடம் மன்னார்குடியில் போட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுதிக் கையெழுத்தானது.

சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று முத்திரை மரக்கால். மரக்கால் என்றால் நெல் அளக்கிற பாத்திரம். நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி கொடுக்க ஒரு மரக்கால் என்று பண்ணைகளில் இரண்டு வைத்திருப்பார்கள். கூலி அளக்கிற மரக்காலுக்கு வயிறு சின்னது. சர்க்கார் முத்திரை போட்ட மரக்காலில்தான் அளக்க வேண்டும் என்று நின்றார்கள். அப்படி ஒரு மரக்கால் எங்கள் வீட்டில் இருந்தது. இரும்புப் பட்டை போட்டது, விளிம்புக்குக் கீழே முத்திரை. தேய்ந்துபோய்த் தடவினால்தான் தெரியும். களத்தில் தகராறு என்று யாராவது வந்தால் அப்பா அதைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்புவார். என் கல்யாணத்தில் குத்துவிளக்குப் பக்கத்தில் நிறைமரக்காலாக நெல் ரொப்பி வைத்ததும் அதையேதான்.

மே தினத்தன்று கொடி ஏற்றுமுன் அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். கட்சியில் யாரும் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன். 'பழக்கம்' என்றார். மதம் என்ற சொல் உதவுகிற இடம் இது. ஒரு மனிதர் பணிவை எங்கே கற்றார், அதை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று பார்க்கலாம். இன்னொரு இடமும் சொல்கிறேன். 1964இல் கட்சி இரண்டானது. அப்பாவும் அவர் சிநேகிதரும் ஒரே சைக்கிளில் பதினைந்து வருடம் ஊர் ஊராகப் போனவர்கள். ஆளுக்கொரு பக்கம் ஆனார்கள். கூலி இவ்வளவு வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. ஆனாலும் ஒன்பது வருடம் முகம் பார்க்கவில்லை, ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போகவில்லை. சின்ன வயதில் எனக்கு அது புரியவே இல்லை. வைணவர்களின் வடகலை தென்கலைச் சண்டையைப் பற்றிப் படித்தபிறகுதான் புரிந்தது. அப்பாவுக்கும் சிநேகிதருக்கும் வந்த சண்டையை வேறு எந்தக் கணக்காலும் விளக்க முடியாது. சிநேகிதரின் மனைவி இறந்த அன்று அப்பா எழுந்து போனார், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்புறம் பேச ஆரம்பித்தார்கள்.

ஆனால் மரக்காலை அந்தச் சொல்லால் விளக்க முடியுமா? சவுக்கடி நின்றது ஒரு நம்பிக்கை இல்லை, நடந்த காரியம். 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேலையை விட்டுத் துரத்த முடியாது என்றது. கூலி நெல் கூடியதா இல்லையா என்று அன்று சாயந்திரமே அளந்து பார்க்கலாம். கூடாவிட்டால் சங்கத்தைக் கேள்வி கேட்டார்கள், சிலர் விலகிப் போனார்கள். செத்தபிறகு கிடைக்கும் என்று சொன்ன ஒன்றுக்காக யாரும் அங்கே நிற்கவில்லை. இதையெல்லாம் மதம் என்ற ஒரே சொல்லில் போட்டு மூடினால், அடிபட்டவன் ஏன் எழுந்தான் என்ற கேள்வியே காணாமல் போய்விடும். அதுதான் எனக்கு மனசு ஆறாத இடம்.

தாத்தாவிடம் இன்னொரு முறை பேசு. 'நீங்கள் நம்பியதில் எது நடந்தது, எது பொய்த்தது, எதற்காக மனசு மாறினீர்கள்?' என்று கேள். ரஷ்யாவில் 1991இல் சோவியத் ஆட்சி கலைந்தபோது என்ன நினைத்தார் என்றும் கேள். அவர் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டால், உங்கள் ஆசிரியர் சொன்ன அர்த்தத்தில் அது மதம் இல்லை. எதுவுமே பொய்க்கவில்லை என்று அடித்துச் சொன்னால், ஆசிரியர் சொன்னதில் கொஞ்சம் இருக்கிறது. அப்போதும் அவரை விட்டுவிடாதே, திரும்பக் கேள்.

கேள்வி: கடவுள் இல்லை என்பவர்கள் பெரியார் சிலைக்கு மாலை போடுகிறார்கள். அது மட்டும் சாமி கும்பிடுவது இல்லையா?
— வாசகர், திருவாரூர்

பதில்: இல்லை. பெரியார் சிலை முன்னால் நின்று, 'என் மகளுக்கு நல்ல வரன் அமையட்டும்' என்று யாராவது வேண்டிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டுதல் இல்லாத இடத்தில் மாலை வெறும் மரியாதைதான். பள்ளியில் ஓய்வு பெறும் நாளில் எனக்குக்கூட மாலை போட்டார்கள்.

கடவுள் மறுப்பு வாசகத்தைப் பெரியார் சொன்னது 1967இல், உங்கள் ஊர்ப் பக்கத்து விடயபுரத்தில். அதே வருடம்தான் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. அந்தக் கல்யாணத்திலும் மாலை மாற்றுகிறார்கள், பெரியவர்கள் வாழ்த்துகிறார்கள், பந்தி போடுகிறார்கள். கூடி நின்று ஒன்றைச் செய்யவேண்டும் என்ற ஆசை மனிதர்களுக்கு உள்ளது. கோயிலில் மட்டும் அது பிறக்கவில்லை.

டிசம்பர் 24 பெரியார் நினைவு நாள். மறுநாள் கீழ்வெண்மணி நாள், அதே நாள் வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ். நாகப்பட்டினம் பஸ் நிலையத்தில் கருப்புச் சட்டைக்காரரையும் செங்கொடிக்காரரையும் ஜெபமாலைக்காரரையும் ஒன்றாகப் பார்க்கலாம். 1968இல் வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தியபோது எனக்குப் பதினொரு வயது. மறுநாள் காலையில் அப்பா சைக்கிளில் போனவர் மூன்றாம் நாள்தான் திரும்பினார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா எதுவும் கேட்காமல் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், சாவு வீட்டிலிருந்து வந்தவருக்கு ஊற்றுகிற மாதிரி தலையில் தண்ணீர் ஊற்றினார். அதற்கப்புறம் உடம்பில் தெம்பு இருந்தவரை ஒவ்வொரு டிசம்பர் 25க்கும் போனார். நினைவுத் தூணுக்கு முன்னால் நின்று இறந்தவர்களின் பெயர்களை வாய்க்குள்ளேயே சொல்வார். அதை வழிபாடு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். வேண்டுதல் என்று சொன்னால்தான் தப்பு என்பேன்.

கேள்வி: மொழிப்பற்றும் ஒரு மதம்தானா? நீங்கள் தமிழாசிரியை, அதனால் கேட்கிறேன்.
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: வேறு யாராவது கேட்டிருந்தால் சுருக்கமாக முடித்திருப்பேன். உங்கள் ஊர் என்பதால் முடியவில்லை. 'நீராருங் கடலுடுத்த' தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும், வீட்டில் தனியாக இருந்தாலும் எழுந்து நிற்பேன். மொழியைத் தாய் என்றோம், தெய்வம் என்றோம். நாட்டுப்பற்றை ஒரு மதம் மாதிரி ஊட்டவேண்டும் என்று ரூசோ 1762லேயே எழுதிவிட்டார். முப்பது வருடம் கழித்துப் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் பாரிஸின் பெரிய மாதா கோயிலில் பகுத்தறிவுக்கு விழா எடுத்தார்கள். ஆக, இது நமக்கு மட்டும் வந்ததில்லை.

1965இல் உங்கள் மயிலாடுதுறையில் சாரங்கபாணி என்ற கல்லூரி மாணவர் இந்தி எதிர்ப்பில் தீக்குளித்து இறந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. பிற்பாடு வகுப்பில் மொழிப்போரைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறேன். கோரிக்கை நியாயமானது என்றும் சொல்வேன். ஆனால் அந்தச் சாவைப் புகழ்ந்து ஒரு வாக்கியம்கூடச் சொன்னதில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட அதே வயது. உயிரைக் கேட்கிற இடத்துக்கு ஒரு பற்று போய்ச் சேரும்போது, அதற்கு மதம் என்று பெயர் வைத்துக் கவனமாகப் பார்ப்பதில் பலன் இருக்கிறது. மற்றபடி பற்று பற்றாகவே இருக்கட்டும். அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார். தமிழ் அவரிடம் கேட்டது அதைத்தான் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கட்சிக்காரர். போன மாசியில் தவறினார். சடங்கு எதுவும் கூடாது என்று எழுதி வைத்திருந்தார், அப்படியே செய்தோம். வருடத் திதி வருகிறது. ஒரு படையலாவது போடவேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. 'அப்பாவின் கொள்கைக்குத் துரோகம்' என்கிறான் மகன். என்ன செய்ய?
— ஒரு தாய், முத்துப்பேட்டை

பதில்: அம்மா, என் அப்பா இறந்தபோதும் இதேதான். செங்கொடி போர்த்தினார்கள், செவ்வணக்கம் சொன்னார்கள், மேளம் கிடையாது, நெய்ப்பந்தம் கிடையாது. சுடுகாட்டில் கொடியை எடுத்து மடித்து அண்ணன் கையில் கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கித் தன் கூறைப்புடவைக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்தார். பதினாறாம் நாள் படத்திறப்பு. தோழர்கள் பேசினார்கள், அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டார்.

ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு சமையல்கட்டில் வெளிச்சம் தெரிந்தது. எழுந்து போனேன். அந்த மரக்காலில் நெல்லை ரொப்பி, பக்கத்தில் ஒரு அகல் ஏற்றி வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே வந்த அண்ணன் சத்தம் போட்டான், அப்பா இருந்தால் இதை ஒத்துக்கொள்வாரா என்று. 'அவர் அளந்த மரக்கால்டா, காலியா வைக்க மனசு வரல' என்றார் அம்மா. அண்ணன் ஒன்றும் பேசாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டுக்காரர் எழுதி வைத்தது தன் உடம்புக்கு. அதை அப்படியே நிறைவேற்றிவிட்டீர்கள், பாக்கி எதுவும் இல்லை. உங்கள் துக்கத்துக்கு அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை, அது உங்களுடையது. ஐயர் வேண்டாம், ஊரைக் கூட்ட வேண்டாம். அவருக்குப் பிடித்த குழம்பை வையுங்கள், ஒரு இலை போடுங்கள், விளக்கேற்றுங்கள். மகனை உட்கார் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். இலை போட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்குத் தோழர்கள் யாராவது வந்தால் சாப்பிடாமல் அனுப்ப வேண்டாம்.